கப்பல் புழு தின்ற வரலாறு

பெரம்பலூரை அடுத்த காரையின் களிமண் மேடுகளிலோ அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களின் ஓரத்திலோ நடந்து பார்த்தவர்களிடம், இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்று புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. காலில் இடறுவதெல்லாம் சிப்பிதான். மழை கழுவிவிட்ட சரிவுகளில் சுருண்ட அம்மோனைட்டுகள் கிடக்கும். 1840களிலேயே இந்த ஊர்ப் புதைபடிவங்கள் லண்டன் போய்ச் சேர்ந்துவிட்டன. 1860களில் பிளான்ஃபோர்டும் ஸ்டோலிக்ஸ்காவும் இவற்றை ஆராய்ந்து எழுதியதிலிருந்து, கிரெட்டேசியக் காலத்துக் கடலைப் பற்றிப் படிக்கிற எவரும் அரியலூர் என்ற பெயரைத் தாண்டிப் போக முடியாது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும் கல்மரத்தை 1940இல் புவியியல் ஆய்வாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். கரையில் வளர்ந்து, சாய்ந்து, ஆற்று வெள்ளத்தில் கடலுக்கு இழுத்து வரப்பட்டு, சேற்றில் புதைந்து கல்லான மரம் அது.

சாத்தனூர் மரத்தைப் பார்க்கப் பேருந்துகளில் மாணவர்கள் வருகிறார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, இந்தப் படுகையில் கிடைத்த சிறிய கல்மரத் துண்டுகள். அவற்றில் சிலவற்றில் விரல் பருமனுக்குத் துளைகள் நெருக்கமாக ஓடுகின்றன. மரம் கல்லாவதற்கு முன், கடலில் மிதந்துகொண்டிருந்தபோதே, ஓர் உயிர் அதைக் குடைந்து தின்றிருக்கிறது. பிறகு அந்தப் பொந்துகளில் சேறும் சுண்ணாம்பும் நிரம்பி, அவையும் கல்லாகிவிட்டன. குடைந்தது யார் என்பதில் ஐயமில்லை. அதன் வழித்தோன்றல்கள் இன்றும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. அதுதான் கப்பல் புழு.

தமிழரின் கப்பல் கட்டும் வரலாற்றை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் மன்னர்களிடமிருந்து தொடங்குவார்கள். நான் இந்தப் புழுவிடமிருந்து தொடங்கக் காரணம் உண்டு. இதே அரியலூர் மாவட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. 1025இல் கடல் கடந்து படை அனுப்பிக் கடாரத்தை வென்ற இராசேந்திரனின் தலைநகர் அது. கொள்ளிடத்தின் கரையோரமாகப் போனால் ஐம்பது கிலோமீட்டருக்குள் கடல் வந்துவிடும். கோயில் நிற்கிறது, மாளிகைமேட்டில் அரண்மனையின் செங்கல் அடித்தளம் கிடைத்திருக்கிறது, வென்ற ஊர்களின் பட்டியல் தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் இருக்கிறது. ஆனால், அந்தப் படை ஏறிப்போன கப்பல்களில் ஒன்றின் ஒரு பலகைகூட நம் கையில் இல்லை. சோழர் கப்பலின் நீளம் என்ன, அகலம் என்ன, எத்தனை பாய்மரம், பலகையைக் கயிற்றால் தைத்தார்களா ஆணியால் அடித்தார்களா என்று கேட்டால், உறுதியாகக் காட்ட ஒரு பொருள் இல்லை. மேடையில் பேசுகிறவர்கள் ஆயிரம் சொல்லலாம். பூம்புகார் அருகே கடலடியில் தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் கண்டெடுத்த கப்பல்கூட, ஈயக் கட்டிகளை ஏற்றிவந்த பிற்கால ஐரோப்பியக் கப்பல்தான்.

சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் 1628இல் மூழ்கிய வாசா என்ற போர்க்கப்பலை 1961இல் வெளியே எடுத்தார்கள். 333 ஆண்டு தண்ணீருக்குள் கிடந்தும் கிட்டத்தட்ட முழுக் கப்பலாக வந்தது. அங்கேயுள்ள மரம் நம் தேக்கைவிட உயர்ந்தது என்பதல்ல காரணம். பால்டிக் கடலில் உப்பு மிகக் குறைவு. கப்பல் புழுவால் அந்தத் தண்ணீரில் வாழ முடியாது. வங்கக் கடலோ வெதுவெதுப்பான, உப்பு மிகுந்த கடல். இங்கே கடலடிச் சேற்றுக்குள் முழுவதும் புதைந்துவிட்ட பகுதி மட்டுமே தப்பும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரம் சில ஆண்டுகளில் காணாமல் போகும். நம் கடல் வரலாற்றின் பெரும்பகுதியை இந்தப் புழு தின்றிருக்கிறது என்பதை மிகையாகச் சொல்லவில்லை.

பெயர்தான் புழு. உண்மையில் இது ஒரு சிப்பி. ஆளியும் மட்டியும் எந்தக் குலமோ அதே குலம். மற்ற சிப்பிகளுக்கு உடல் முழுவதையும் ஓடு மூடும். இதற்கு ஓடு சுருங்கித் தலைமாட்டில் இரண்டு சிறு தகடுகளாக நிற்கிறது. தகடுகளின் விளிம்பில் அரத்தைப்போல் நுண்பற்கள். தேங்காயைத் துருவுவது போல அந்தத் தகடுகளை அசைத்து அசைத்து, உடலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, மரத்தைச் சுரண்டிக்கொண்டே முன்னேறுகிறது. பின்னால் நீள்கிற மென்மையான உடல் சில இனங்களில் ஓரடியைத் தாண்டும். போகிற வழியெல்லாம் சுரங்கத்தின் சுவருக்கு வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசிக்கொண்டே போகும். ஒரே பலகைக்குள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் ஒன்றின் சுரங்கம் இன்னொன்றின் சுரங்கத்தில் முட்டுவது அபூர்வம்.

மரத்தைத் தின்று எந்த விலங்காலும் எளிதில் பிழைக்க முடியாது. செல்லுலோசைச் செரிக்கும் நொதி நம்மிடமும் இல்லை, மாட்டிடமும் இல்லை. மாட்டின் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. கப்பல் புழுவின் கூட்டாளிகள் குடலில் இல்லாமல் செவுளில் வாழ்கிற பாக்டீரியாக்கள். அவை செல்லுலோசை உடைக்கும் நொதிகளை உண்டாக்கிக் கொடுப்பதோடு, நைட்ரஜனையும் நிலைநிறுத்தித் தருகின்றன என்று 1983இல் அவற்றைத் தனியே வளர்த்துப் பார்த்தபோது தெரிந்தது. மரத்தில் சர்க்கரைச் சத்து ஏராளம், புரதத்துக்கு வேண்டிய நைட்ரஜன் மிகக் குறைவு. நிலக்கடலைச் செடியின் வேர்முடிச்சில் நடக்கிற அதே வேலை கடலுக்குள் ஒரு சிப்பியின் செவுளில் நடக்கிறது.

கப்பல்காரனுக்கு இதில் பயங்கரம் என்னவென்றால், வெளியே ஒன்றும் தெரியாது. கண்ணுக்குத் தட்டுப்படாத இளம்புழு தண்ணீரில் மிதந்து வந்து மரத்தில் ஒட்டி, குண்டூசித் தலை அளவு துளை போட்டு உள்ளே நுழைகிறது. உள்ளே போய்த்தான் பெருக்கிறது. வாசல் கடைசிவரை அதே சிறு துளைதான். அதன் வழியே இரண்டு குழல்களை நீட்டித் தண்ணீர் குடிக்கும். ஆபத்து என்றால் வாலிலுள்ள சிறு மூடிகளால் வாசலை அடைத்துக்கொள்ளும். பலகை பார்வைக்குத் திடமாக இருக்கும், உள்ளே வெறும் பொந்து. கொலம்பஸின் நான்காவது பயணத்தில் கப்பல்கள் இப்படித்தான் ஓட்டை விழுந்து, 1503இல் ஜமைக்கா கரையில் தட்டிப்போய், ஓராண்டு அங்கேயே தவித்தார். 1730களில் நெதர்லாந்தின் கடலணைகளைத் தாங்கிய மரக் கம்பங்களை இந்தப் புழு அரித்து நாட்டையே கதிகலங்க வைத்தது. அதே புழுவைக் கவனித்துத்தான், மண் சரியாமல் சுரங்கம் தோண்டும் இரும்புக் கவசத்துக்கான யோசனை மார்க் புரூனலுக்கு வந்தது. 1818இல் காப்புரிமை பெற்ற அந்த முறையில் தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் சுரங்கம் தோண்டப்பட்டது. இன்று சென்னையில் மெட்ரோ சுரங்கம் தோண்டும் எந்திரங்களும் அந்தக் கவசத்தின் வம்சம்தான்.

இந்த எதிரியை வைத்துக்கொண்டுதான் நம் கரையில் கப்பல் கட்டினார்கள். கரையோர மக்கள் புழுவின் உயிரியலைப் படித்தவர்கள் அல்லர். ஆனால், அதன் பலவீனங்கள் ஒவ்வொன்றையும் கண்டுபிடித்திருந்தார்கள் என்பது அவர்கள் செய்த வேலையில் தெரிகிறது. முதல் பலவீனம், அதற்கு ஓயாமல் தண்ணீர் வேண்டும். கட்டுமரம் இலேசான, மென்மையான மரம். புழுவுக்கு அல்வா மாதிரி. இருந்தும் அது நீண்ட நாள் உழைத்தது, ஏனென்றால் மீனவர்கள் தினமும் அதைக் கரையேற்றி, சில சமயம் கட்டையும் பிரித்து, மணலில் காயவைத்தார்கள். இரண்டாவது, நல்ல தண்ணீர் அதற்கு ஆகாது. ஆற்று முகத்துவாரத்துக்குள் கப்பலை ஏற்றி நிறுத்தினால் வெள்ளக் காலத்தில் உப்பு குறைந்து புழு சாகும். வெள்ளாற்று முகத்துப் பரங்கிப்பேட்டையும் கெடிலத்து முகத்துக் கடலூரும் கப்பல்காரர்களுக்கு அமைந்ததில் இந்த வசதிக்கும் பங்கு இருக்கும் என்பது என் எண்ணம். கடல் உயிரியலுக்கென்று அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நடத்தும் ஆய்வு மையம் இருப்பதும் அதே பரங்கிப்பேட்டையில்தான்.

பெரிய கப்பலைத் தினமும் கரையேற்ற முடியாது. அங்கே மருந்து தேவைப்பட்டது. சுண்ணாம்பையும் எண்ணெயையும் குழைத்து அடிப்பகுதியில் பூசினார்கள். மீன் எண்ணெய் தடவினார்கள். போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து முந்திரியைக் கொண்டுவந்த பிறகு முந்திரிக்கொட்டையின் தோல் எண்ணெயும் சேர்ந்துகொண்டது. செயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் கொட்டை உடைக்கிற பெண்களின் கையைப் புண்ணாக்குகிறதே, அதே எண்ணெய். தோலை எரிக்கும் அனகார்டிக் அமிலமும் அதன் உறவான ஃபீனால்களும்தான் புழுவையும் பூஞ்சையையும் அண்டவிடாமல் தடுக்கின்றன. பூசினால் காய்ந்து கருப்பாக, பளபளப்பாக ஒட்டிக்கொள்ளும். ஐரோப்பியர் வேறு வழியில் போனார்கள். 1761இல் ஆங்கிலேயரின் அலாரம் என்ற போர்க்கப்பலின் அடியில் செம்புத் தகடு போர்த்திப் பார்த்தார்கள். புழு அண்டவில்லை. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால், செம்பும் இரும்பும் உப்புநீரில் சேர்ந்து மின்கலமாகிவிட்டதால் இரும்பு ஆணிகள் கரைந்துபோயிருந்தன. ஒரு நோய்க்கு மருந்து கொடுத்து இன்னொரு நோயை வாங்கிய கதை அது. செம்பு ஆணிக்கு மாறித்தான் தீர்த்தார்கள். நம் பூச்சுகள் செம்பளவு நீடிக்காது, ஆண்டுதோறும் சுரண்டிப் பூச வேண்டும். ஆனால், கரையோரத்திலேயே கிடைக்கிற சரக்கு, கூலியும் ஊருக்குள்ளேயே சுற்றும்.

மரத்தைத் தேர்வதும் இதே அறிவுதான். தேக்கில் இயற்கையாகவே எண்ணெயும் ரப்பர் போன்ற ஒரு பொருளும் உண்டு. தண்ணீரை உள்ளே விடாது, அதில் அடித்த இரும்பு ஆணியும் சீக்கிரம் துருப்பிடிக்காது. ஐரோப்பிய ஓக் மரத்திலுள்ள துவர்ப்பு அமிலம் ஆணியை அரித்துவிடும். பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கில் கட்டி 1817இல் கடலில் இறக்கிய திருகோணமலை என்ற பெயர் கொண்ட போர்க்கப்பல், இருநூறு ஆண்டு கடந்து இங்கிலாந்தின் ஹார்ட்லிபூலில் இன்றும் மிதக்கிறது. சோழமண்டலக் கரையில் தேக்குக் காடு இல்லை. பர்மாவிலிருந்தும் மேற்கு மலையிலிருந்தும் வர வேண்டும், விலையும் அதிகம். அதனால் வேம்பு, இலுப்பை, பூவரசு, கருவேலம் என்று கைக்கெட்டிய மரங்களில் எது எதற்கு உதவும் என்று பிரித்து வைத்திருந்தார்கள். கப்பலின் விலா எலும்பாக நிற்கும் வங்குக்கு நேரான மரத்தை வளைவாக அறுத்தால் நரம்பு வெட்டுப்பட்டு அங்கேதான் முறியும். இயற்கையிலேயே வளைந்த கிளையை எடுத்தால் நரம்பு வளைவோடு ஓடும். தோப்பில் நிற்கும் கருவேலத்தைப் பார்த்தே இந்தக் கிளை எத்தனையாவது வங்குக்கு ஆகும் என்று கப்பல் தச்சரான ஓடாவி முடிவு செய்வது இதனால்தான்.

கப்பல் வேலையில் நான் மிகவும் வியப்பது கலப்பத்து என்கிற பகுதி. இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் எவ்வளவு இழைத்தாலும் தண்ணீர் புகும் இடுக்கு இருக்கும். எண்ணெயில் ஊறிய பஞ்சுத் திரியை அந்த இடுக்கில் வைத்து, மழுங்கலான உளியால் கொட்டாப்புளி கொண்டு அடித்து அடித்து இறக்குவார்கள். மேலே குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய குழம்பைப் பூசுவார்கள். அடிக்கிற சத்தத்தை வைத்தே திரி இறுகிவிட்டதா என்று தெரிந்துகொள்வார்கள். இதற்குப் பின்னால் நல்ல இயற்பியல் இருக்கிறது. மரம் தண்ணீர் குடித்தால் நீளவாக்கில் அநேகமாக விரியாது. அகலவாக்கில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு விரியும். காய்ந்த ஓரடிப் பலகை அரை அங்குலம் பெருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலில் இறங்கிய சில நாளில் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி, இடையிலுள்ள பஞ்சைப் பிழிந்து, இடுக்கைத் தாமே அடைத்துக்கொள்ளும். திரியைக் குறைவாக அடித்தால் ஒழுகும், அளவுக்கு மீறி அடித்தால் பலகை பெருக்கும்போது ஆணியைப் பிடுங்கிவிடும். அந்தச் சரியான அளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. கையில் இருந்தது.

அதற்கும் முந்தைய முறை தைப்பது. சென்னைத் துறைமுகம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டி முடியும்வரை, வெளியே நங்கூரமிட்ட கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் கரைசேர்த்தது மசூலாப் படகுதான். வங்கு கிடையாது, ஆணி கிடையாது; பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது விறைப்பான ஐரோப்பியப் படகு உடைந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும், மோதலின் வேகம் தையல் முழுவதும் பரவிக் குறைந்துவிடும். தென்னை நாரில் லிக்னின் மிகுதி, ஆகவே உப்புநீரில் எளிதில் மக்காது.

இந்த அறிவெல்லாம் ஒன்றுதிரண்டு நின்ற சிற்றூர் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் நான் வல்வெட்டித்துறையைச் சொல்வேன். யாழ்ப்பாணத்தின் வடகரையில், பாக்கு நீரிணையைப் பார்த்தபடி இருக்கும் ஊர். வல்வை என்பார்கள். ஆறு கிடையாது, இயற்கைத் துறைமுகம் கிடையாது; கரையை ஒட்டிப் பாரும் ஆழமில்லாத தண்ணீரும்தான். பின்னால் பனையும் வேம்பும். இந்த ஊர்க்காரர்கள் கரையிலேயே, வீட்டு வாசலுக்கு எதிரே, கப்பல் கட்டினார்கள். தலைமைத் தச்சரான மேத்திரியார் ஒருவர், அவர் கைக்குள் தச்சர்கள், கொல்லர்கள், பாய் தைப்பவர்கள். வரைபடம் என்று தாளில் ஒன்றும் இராது. அடிக்கட்டையான ஏராவின் நீளம் முடிவானால் மற்ற அளவெல்லாம் அதிலிருந்து விகிதமாகப் பிறக்கும். இப்படி ஏராவிலிருந்து அளவு கட்டுகிற மரபை எழுதியும் வைத்திருக்கிறோம். 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கப்பல் சாஸ்திரம் என்ற தமிழ்ச் சுவடியைச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் 1950இல் பதிப்பித்தது. அதில் சோதிடமும் கணக்கும் கலந்து கிடக்கின்றன. சோதிடத்தை ஒதுக்கிவிட்டு மரத்தையும் அளவையும் பற்றிச் சொல்வதை மட்டும் படித்தாலே போதும், அது தொழில்நுட்ப நூல்தான் என்று தெரியும்.

வல்வைக் கப்பல்கள் யாழ்ப்பாணத்துப் புகையிலையைத் திருவிதாங்கூருக்குக் கொண்டுபோயின. நாகப்பட்டினத்துக்கும் கொழும்புக்கும் ஓடின. ஆனி, ஆடித் தென்மேற்குக் காற்றில் வங்கக் கடலைக் குறுக்கே வெட்டி ரங்கூன் போய், மார்கழி வாடைக் காற்றில் அரிசியும் தேக்கும் ஏற்றித் திரும்பின. கப்பலை நடத்தும் தண்டையலுக்கு நட்சத்திரம்தான் திசை. நீராவிக் கப்பல்கள் வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இவர்கள் ஒழிந்துவிடவில்லை. பெரிய கப்பல் நுழையாத சிறு துறைகளுக்குள் இவர்களால் நுழைய முடிந்தது, காற்றுக்கு விலை இல்லை, மாலுமிகள் ஒரே ஊர்க்காரர்கள், உறவுக்காரர்கள்.

1930ஐ ஒட்டி வல்வையில் வேப்பமரத்தால் கட்டிய அன்னபூரணி என்ற கப்பல் 89 அடி நீளம், இரண்டு பாய்மரம். பாய் கட்டியிருந்த விதம் ஐரோப்பியப் பாணி. அயல் தொழில்நுட்பத்தைப் பார்த்து, பிடித்ததை எடுத்து, தம் கப்பலின் உடம்பில் பொருத்திக்கொள்ளத் தெரிந்தவர்கள் வல்வைத் தச்சர்கள். 32 அடிப் படகில் உலகைச் சுற்றிவந்து பெயர் பெற்றிருந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதைப் பார்த்தார், ஆசைப்பட்டார், விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் பெயரால் புளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயர் மாற்றினார். 1937இல் அது வல்வை மாலுமிகளோடு புறப்பட்டது. செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், பிறகு அட்லாண்டிக். இடையில் பெர்மூடா. 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள குளோஸ்டர் துறைமுகத்தைத் தொட்டது. கப்பலில் கடைசிவரை இருந்த வல்வைக்காரர்கள் ஐவர். வேட்டியும் வெற்றுடம்புமாகக் கடலோடிப் பழகியவர்கள் அட்லாண்டிக்கின் குளிரையும் புயலையும் தாண்டிப் போய் இறங்கியதை பாஸ்டன் பத்திரிகைகள் படம் போட்டு எழுதின.

ராபின்சன் வெறும் பணக்காரர் மட்டுமல்லர், பின்னாளில் மாசசூசெட்ஸிலேயே சொந்தமாகக் கப்பல் கட்டும் தளம் நடத்தியவர். மரக்கப்பலின் நாடி பார்க்கத் தெரிந்த ஒருவர், வரைபடம் இல்லாமல் மணலில் கட்டப்பட்ட வேம்புக் கப்பலை நம்பி அட்லாண்டிக்கில் அனுப்பினார் என்பதைவிட அந்தத் தச்சர்களுக்கு வேறு சான்றிதழ் வேண்டாம். குளோஸ்டர் என்பது மரக்கப்பலுக்கே பெயர்போன மீன்பிடி ஊர் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதன் பிறகு வல்வையின் கப்பல் தொழில் நிலைக்கவில்லை. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது; 1942இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் அந்தக் கடல்வழியே அடைபட்டது. இந்தியாவும் இலங்கையும் விடுதலை பெற்ற பிறகு பாக்கு நீரிணை இரு நாடுகளுக்கு நடுவிலான எல்லையாயிற்று. இறக்குமதிக் கட்டுப்பாடும் அந்நியச் செலாவணிச் சட்டமும் வந்ததும், தலைமுறைகளாக நடந்த வணிகத்தின் ஒரு பகுதி கடத்தல் என்று பெயர் பெற்றது. 1983க்குப் பிறகு போர். கடலோரமே பாதுகாப்பு வளையமாகிவிட்ட ஊரில் யார் ஏரா வைப்பார்கள்?

தமிழ்நாட்டுப் பக்கம் இந்த மரபு கொஞ்சம் கூடுதல் காலம் பிழைத்தது. தூத்துக்குடித் தோணிகள் வெங்காயமும் மிளகாயும் கருவாடும் ஏற்றிக் கொழும்புக்குப் பாய்விரித்து ஓடியதை நேரில் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் கடைசியில் தோணிகளுக்கு எந்திரம் பொருத்தினார்கள். பாய்மரம் குட்டையானது, பாய் தைப்பவர்களுக்கு வேலை போனது. இன்றும் சில தோணிகள் மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றுகின்றன. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, அடியைச் சுரண்டி, கலப்பத்துப் பார்த்து, பூச்சுப் பூசுகிற வழக்கம் அப்படியே இருக்கிறது. சிறு படகுகள் ஃபைபருக்கு மாறிவிட்டன. ஃபைபரைப் புழு தின்னாது, கலப்பத்து வேண்டாம், விலையும் மலிவு. மீனவரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவருடைய பிழைப்பு அவருக்கு. அறிவைக் காக்கும் பொறுப்பு அவர் தலையில் மட்டும் விழக்கூடாது.

அந்தப் பொறுப்பு நம்முடையது என்பதற்குக் காரணம் புழுதான். எகிப்தியரின் படகு பாலைவனத்து மணலுக்கடியில் கிடைத்தது. வைக்கிங்குகளின் கப்பல் களிமண் மேட்டுக்குள் கிடைத்தது. தென்னிந்தியக் கடற்கரையிலும் சேறு காப்பாற்றிய இடங்கள் உண்டு. கேரளத்துப் பட்டணம் அகழாய்வில் 2007இல் கிடைத்த சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தோணி ஓர் எடுத்துக்காட்டு. அப்படி இன்னொன்று நாளை கொள்ளிடத்துக் கழிமுகத்தில் கிடைக்கலாம். ஆனால், திறந்த கடலில் தேடிப் பெரிய சோழக் கப்பல் ஒன்றைக் கண்டுவிடுவோம் என்று நம்பிக் காத்திருப்பது, நம் கடலின் உயிரியலை அறியாத ஆசை. பழைய மரம் கிடைக்காத கரையில், மரத்தைக் கையாண்ட கைகள்தான் அகழாய்வுக் குழி. வளைந்த கிளையைத் தேர்கிற கண்ணும், திரியின் சத்தத்தைக் கேட்கிற காதும், ஏராவிலிருந்து மற்றதை வருவிக்கிற கணக்கும் தலைமுறை தலைமுறையாக வந்தவை. அவற்றிலிருந்து பின்னோக்கிப் போனால் ஆயிரம் ஆண்டு முந்தைய கப்பலைப் பற்றி ஓரளவு நேர்மையாகப் பேசலாம்.

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கடல்சார் வரலாற்றுக்கும் கடல்சார் தொல்லியலுக்கும் தனித்துறை இருக்கிறது. சென்னையில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் நிற்கும் தோணிகளை லேசர் கருவியால் பலகை பலகையாக அளந்து வைக்கச் சில மாதம் போதும். ஓய்வு நாளில் கரையேறி நிற்கும்போது அளந்தால் தண்ணீருக்குள் இருக்கும் பகுதியும் கிடைத்துவிடும். அளந்தவற்றைக் கணினியில் ஏற்றி, பாரம் ஏற்றினால் எவ்வளவு சாயும், எந்தக் காற்றுக்கு எவ்வளவு வேகம் என்று கணக்கிடுவது கப்பல் பொறியியல் மாணவர்களுக்கு ஓர் ஆண்டுத் திட்டப்பணி. மூத்த ஓடாவிகளை உட்காரவைத்து, அவர்கள் சொல்லும் அளவையும் உறுப்புப் பெயர்களையும் மரத் தேர்வையும் ஒளிப்பதிவு செய்துவிட வேண்டும். வல்வெட்டித்துறையிலும் இதைச் செய்ய வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறார்கள்; கனடாவிலோ லண்டனிலோ ஒரு வீட்டுப் பெட்டியில் தாத்தாவின் கப்பல் கணக்குக் கொப்பியோ, அன்னபூரணி காலத்துப் புகைப்படமோ இருக்கக்கூடும்.

இதைப் படிக்கிற உங்கள் குடும்பத்தில், கடலூரிலோ நாகையிலோ தூத்துக்குடியிலோ கீழக்கரையிலோ, கப்பல் தச்சு செய்தவரோ கலப்பத்து அடித்தவரோ தோணி ஓட்டியவரோ இருந்தால், இந்த வாரமே போய் அவரிடம் பேசுங்கள். கைபேசியில் பதிவு செய்யுங்கள். எந்த மரம், எத்தனை முழம், என்ன பூச்சு என்று கேளுங்கள். அவர் சொல்கிற சொல்லை அப்படியே எழுதி வையுங்கள்.